மாமாவின் மேல் ஒரு பெருக்கல் குறி

கதிர், இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு தடவை "சரிம்மா" என்பாய், மூன்றாவது "சரிம்மா"வில் லைன் கட்டாகிவிடும். அதனால் பேப்பரில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்காதே. படத்தைப் போனில் அனுப்பப் போய்த்தான் நம் வீட்டில் இந்தக் கூத்தே நடந்தது. மாமா உன் கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா என்று நேற்றுவரை கேட்டுக்கொண்டே இருந்தாய். பதில் இதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. வகுப்பில் விடைப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தவள், உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கூரியர் வந்து சேர்கிறவரைக்கும் கொஞ்சம் தவி. கல்யாண மாப்பிள்ளைக்கு அது நல்லது. வாணியும் கூட உட்கார்ந்து படிக்கட்டும், இதில் அவளுக்குத் தெரியக் கூடாதது ஒன்றுமில்லை.

உன் வேலையை ஊருக்குள் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எம்.ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் கேட்டார், மகன் சென்னையில் என்ன செய்கிறான் என்று. "வெளிநாட்டில் நூறு வருடத்துக்கு முன்னால் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் போஸ்டரை வரைவதற்கு முன்னால் பென்சிலில் போட்டுப் பார்த்த படங்களை ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றை ஸ்கேன் பண்ணி இவன் ஆபீஸுக்கு அனுப்புகிறார்கள். இவன் ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுகிறான்" என்றேன். அவர், "இருக்கிறதப் பாத்து இருக்குன்னு எழுதவா டீச்சர் எஞ்சினியரிங் படிக்க வச்சீக?" என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், சொல்லவில்லை. பஸ்ஸுக்கு எதற்கு விளம்பரம் என்றும் நினைத்தேன். இங்கே பஸ் வந்தாலே போதும் என்று நிற்கிற கூட்டம். அதைக் கூப்பிடவும் வேண்டுமா? அவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஜனங்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் கூப்பிட்டார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் விளங்கியது. வேலைக்குப் போகிறவன் எப்படியும் வருவான், சும்மா இருக்கிறவனைத்தான் படம் போட்டுக் கூப்பிட வேண்டும்.

நீ தினமும் சாயங்காலம் ஒரு படத்தை அனுப்பி "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்பாய். அந்தக் கேள்விக்காக நானும் உங்கப்பாவும் டீயைக்கூடத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தோம். ஒரு நாள் ஒரு மரம் வந்தது. மரத்தடியில் ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தான். தூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிராம். மூலைகளில் குண்டூசி குத்திய ஓட்டை, ஓரத்தில் பிரஷ்ஷைத் துடைத்த பச்சை. உங்கப்பா பார்த்தவுடனே, "பய பஸ்ஸ விட்டுட்டான், அடுத்தது எப்ப வருமோன்னு படுத்துட்டான்" என்றார். எனக்கோ அவன் வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டவனாகத் தெரிந்தான். இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். இத்தனை வருட வாழ்க்கையில் நாங்கள் சந்தோஷமாகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எது சரி என்று நீ கடைசிவரைக்கும் சொல்லவில்லை. "ரெண்டும் நல்லாருக்கும்மா" என்றாய். கதிர், வீட்டில் வாணியிடமும் அப்படியே கேள். உன் கண்ணில் பட்டதை அவளிடம் ஒப்பித்து ஆமாம் போடச் சொல்லாதே. முதலில் அவளுக்கு என்ன தெரிகிறது என்று கேள்.

வாணியை நீ எனக்குக் காட்டியதும் ஒரு படத்தை வைத்துத்தான். டிராம் நிறுத்தத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அவள் மேல் யாரோ நீலப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் அவர்கள் பாஷையில் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்து, வேறு மையில், 'இருக்கட்டும்'. ஓவியர் அடித்தார், மேலதிகாரி இருக்கட்டும் என்றார் என நீ எழுதியிருந்தாய். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், "நீங்க பாத்தீங்களா? யார் எழுதுனதுன்னு தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க" என்று சொல்லி அழிக்க வைத்தாள். அதைச் சொல்லும்போது உன் குரல் போன போக்கிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சென்னைவரைக்கும் போய்த் தேடிப் பிடித்தவள் நம் பக்கத்து நரிக்குடிக்காரியாக இருந்ததில் உங்கப்பாவுக்கு ஏக குஷி. அச்சான போஸ்டரில் அந்தக் குடைக்காரி இருந்தாளா என்று நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? போஸ்டர் கிடைக்கவில்லை, பென்சில் படம் மட்டும்தான் இருக்கிறது, தெரியாது என்றாய். அவளை நினைத்து அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இனி உனக்குப் பாதி தெரிந்த கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்குப் பிளக்ஸ் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நானே வரைகிறேன் என்றாய். நம் ஊர்ப் பிளக்ஸ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? நடுவில் பொண்ணு மாப்பிள்ளை. மேலே வரிசையாகப் பெரியவர்கள், கும்பிட்ட கையோடு. கீழே அஞ்சல் தலை அளவில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடியோடு. யார் தலை யார் தலையைவிடப் பெரியது என்று கல்யாணம் முடிந்தும் பேசுவார்கள். நீ அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த டிராம் படங்களைப் போல ஒன்று செய்யப் பார்த்தாய். கரிசல் காட்டு நடுவே ரோடு, ரோட்டில் நம் டவுன் பஸ், கதவு திறந்திருக்கிறது, கீழே 'கல்யாணத்துக்கு வாங்க'. முதல் படத்தில் சொந்தபந்தம் எல்லோரும் இருந்தோம். இரண்டாவதில் நாலைந்து பேர். மூன்றாவதில் ஆளே இல்லை, பஸ்ஸும் திறந்த கதவும் மட்டும். மூன்றையும் அப்பா போனுக்கு அனுப்பி, கடைசியில் உள்ளதுதான் சரி என்று சொன்னாய். படமாகப் பார்த்தால் அதுதான் அழகு. அதை இப்போதும் சொல்லுவேன்.

முதல் படத்தில் மாமா எங்கே நின்றார் என்பதில்தான் வினையே. நீ தூத்துக்குடியில் படித்தபோது திங்கட்கிழமை காலையில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறுவாய். வழியில் பந்தல்குடியில் ஸ்டாப் வேறு இடத்தில் இருக்கும்போது, உங்கள் மாமா தன் புரோட்டா கடைக்கு நேரே நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். லாரி ஓட்டிய மனிதர், எந்த வண்டி எங்கே நிற்கும் என்று கணக்குத் தெரியும். டிரைவர் கத்துவார், கண்டக்டர் விசிலை விடாமல் ஊதுவார். அவர் எதையும் காதில் வாங்காமல் ஜன்னல் ஜன்னலாக உன்னைத் தேடி, பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "போகலாம் ரைட்" என்று தானே சொல்லுவார். பஸ்ஸில் மானம் போகிறது என்று என்னிடம் வந்து முறையிடுவாய். பொட்டலத்தை மட்டும் ஒரு நாளும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அப்படியே அவரைப் படத்தில் பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்து நிற்க வைத்தாய். மீசை, தோளில் துண்டு, முன்னால் தள்ளிய வயிறு, எல்லாம் அச்சு அசல். ஆனால் அவர் நின்ற அகலத்தில் பஸ்ஸும் தெரியவில்லை, கதவும் தெரியவில்லை. அதனால் அவர் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் 'மாமா வேண்டாம்' என்று உனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டாய். அடுத்த படத்தில் மற்றவர்களையும் ஒவ்வொருவராக விட்டாய். அவர்களுக்கெல்லாம் குறி போட வேண்டிய அவசியமே வரவில்லை.

உங்கப்பா மூன்று படத்தையும் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்து, "ஆளே இல்லாம என்ன போர்டு? எழவு வீட்டுப் போர்டுலகூட ஒரு ஆளு இருக்கும்" என்றார். மூன்றையும் பிளக்ஸ் கடைக்கு அனுப்பி, ஆள் நிறைய இருக்கிறதை அடித்து வையுங்கள், பந்தல்குடியில் மச்சான் கடைக்கு நேர் எதிரே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, பருத்திக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். கண்ணாடி போடாமல் பார்த்தவருக்குக் கூட்டம்தான் தெரிந்தது, குறி தெரியவில்லை. கடைக்காரர்களும் வந்ததை வந்தபடி பெரிதாக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் மாமா கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஆள் உயரத்துக்கும் மேலே அவரே நிற்கிறார், மேலே குறுக்கும் நெடுக்குமாக அடித்திருக்கிறது, பக்கத்தில் உன் மணிமணியான கையெழுத்தில் 'மாமா வேண்டாம்'. தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனார்கள்.

செல்வியை உனக்கு என்று ஊர் எப்போதோ முடிச்சுப் போட்டு வைத்திருந்தது உனக்குத் தெரியும். மாமா மகள், முறைப்பெண், பிறகென்ன என்று பேசுவார்கள். அவள் நர்ஸ் படிப்பு முடித்துக் கோயம்புத்தூரில் நிம்மதியாக இருக்கிறாள், உங்கள் இரண்டு பேருக்கும் அந்த நினைப்பே இல்லை. வாணியைப் பற்றி மாமாவிடம் சொல்லப் போனபோது நான் பயந்துகொண்டேதான் போனேன். அவர், "இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எம்மருமகனுக்கு நாந்தான் மால போட்டுக் கூட்டிட்டு வருவேன், பொண்ணு யாரா இருந்தா என்ன?" என்றார். ஊர் வாய் அன்றைக்கு மூடியது. இந்தப் போர்டைப் பார்த்ததும் திறந்துகொண்டது. பொண்ணு வேண்டாம் என்றார்கள், இப்போது மாமனும் வேண்டாம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள் என்று அவர் கடையிலேயே உட்கார்ந்து, அவர் போட்ட புரோட்டாவைத் தின்றுகொண்டே பேசியிருக்கிறார்கள்.

உங்கப்பா விழுந்தடித்துக்கொண்டு கழற்றப் போனார். நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்டை நிமிர்ந்து பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, நீ அப்படி வரைந்திருந்தாய். முந்தானையால் வாயைப் பொத்தினேன், தோள் குலுங்குவதை எதால் பொத்துவது? மாமா புரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா கயிற்றில் கை வைத்ததும், "தொடாதீக மாப்ள. என்னைய எப்பிடி அடிச்சு வச்சிருக்கீகன்னு ஊரு பாக்கட்டும். போர்டுல வேண்டாதவன் மேடைக்கு எதுக்கு? நான் வரல" என்றார். நீ போன் மேல் போன் போட்டும் அவர் எடுக்காதது அதனால்தான். லீவு போட்டு வருகிறேன் என்று நீ அழுதபோது நான் வேண்டாம் என்றேன். சிரித்தவள் நான், போக வேண்டியவளும் நான்.

நேற்றுக் காலையில் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். மாமா என்னைப் பார்த்து 'வா' என்று சொல்லவில்லை. "என்ன வேணும்? டீயா, காப்பியா?" என்றார், வழிப்போக்கரிடம் கேட்பது மாதிரி. உங்க அத்தைதான் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "அவுக அன்னைக்கிருந்து சரியாச் சாப்புடல மதினி, மாவத்தான் போட்டு அடிச்சுக்கிட்டுக் கெடக்காக" என்று காதோடு சொன்னார். நான் போனை எடுத்து மூன்று படத்தையும் வரிசையாகக் காட்டினேன். அவர் மாவைப் பிசைந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ரெண்டாவதுல நான் இல்ல."

"இல்லண்ணே."

"மூணாவதுல?"

"அதுல யாருமே இல்லண்ணே. நானும் இல்ல, அவுகளும் இல்ல. பஸ்ஸு மட்டுந்தான்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குப் பெருக்கல் குறி?"

இதற்கு நான் என்ன சொல்லட்டும்? "நீ நின்னா பின்னால பஸ்ஸு தெரியலண்ணே" என்றேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவருக்கும் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. "தெரியாதுதான். பஸ்ஸ நிப்பாட்டுறவன் பஸ்ஸுக்கு முன்னாலதான நிக்கணும்? ஓரத்துல நின்னு கைய ஆட்டுனா எவன் நிப்பாட்டுவான்?" என்றார். நியாயம்தானே கதிர்?

வேறு வழியில்லாமல் அந்தக் குடைக்காரியின் படத்தைக் காட்டினேன். நூறு வருடத்துக்கு முன்னால் இவளையும் இப்படித்தான் அடித்தார்கள், பிள்ளை இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அதே மாதிரி செய்தான், மனதில் ஒன்றும் வைத்துச் செய்யவில்லை என்றேன். கீழே எழுதியிருந்ததற்கும் அர்த்தம் சொன்னேன். முதல் தடவையாக மாவிலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"இருக்கட்டும்னு எழுதுனது யாரு?"

"தெரியலயாம்."

"கடைசில இந்தப் பொம்பள இருந்தாளா, எடுத்துப்புட்டாகளா?"

"அதும் தெரியலயாம்ணே."

"நூறு வருசமாவா தெரியல?" என்றார். அவளுக்காக அவருக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நீ வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரலன்னா எம்புள்ள அந்த மண்டபத்துல யாருமில்லாதவன் மாதிரி நடந்து வருவான். நான் சிரிச்சதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு" என்றேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அடிச்சது அடிச்சதுதான் புள்ள" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாவுக்குத் திரும்பினார். நான் கிளம்பினேன். எனக்காக அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை. ஸ்டாப்வரைக்கும் நடந்து போய், எல்லோரோடும் நின்று ஏறினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பந்தல்குடியில் ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறியது நேற்றுத்தான் முதல் தடவை. அப்போதுதான் அவர் வரமாட்டார் என்றே முடிவு செய்தேன். ராத்திரி நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றியது அதனால்தான்.

இன்று காலை அப்பா உரம் வாங்க அந்தப் பக்கம் போனார். போன இடத்திலிருந்து கூப்பிட்டு, "ஏ, ஒங்கண்ணன் பண்ணியிருக்கிற வேலையப் பாரு" என்று மட்டும் சொல்லி ஒரு படம் அனுப்பினார். நம் போர்டுதான். மாமா ஏணி போட்டு ஏறியிருக்கிறார். கடைப் பலகையில் 'முட்டை புரோட்டா ரெடி' என்று எழுதுகிற அதே சிவப்புப் பெயிண்டில், உன் 'மாமா வேண்டாம்' என்ற எழுத்துக்குக் கீழே, தலை அளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'இருக்கட்டும். வாரேன். இப்படிக்கு, தாய்மாமன்.' பெருக்கல் குறியைத் தொடவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போன் வந்தது. "ஏ புள்ள, நீ டீச்சரு, பாத்துச் சொல்லு, எழுத்து நல்லாருக்கா?"

"கொஞ்சம் கோணலா இருக்குண்ணே."

"ஏணி ஆடுச்சு. எழுதுனது யாருன்னு பின்னால எவனும் கேக்கக் கூடாதுல்ல, அதான் பேரையும் போட்டேன். மருமகன்ட்டச் சொல்லு, போர்ட மாத்துனா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்."

கதிர், அழகான புதுப் போர்டு அடித்து எடுத்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, வேண்டாம். அந்த ஆளில்லாத படத்தை உங்கள் சென்னை வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அது நல்ல படம். ஒருவரை எடுத்துவிட்டால் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று குடும்பத்திலும் சில நேரம் தோன்றும். வாணிக்கு என்னைப் பார்த்தே தோன்றலாம், நானும் அகலமானவள்தான். பென்சிலை எடுக்கிறபோது சொல்லிவிட்டு எடுங்கள், நாங்கள் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக்கொள்கிறோம். எனக்கு இன்றைக்கு மனது நிறைந்து இருக்கிறது. உங்கப்பா தன் சாமர்த்தியத்தால்தான் போர்டு ஊர் பூராவும் பேசப்படுகிறது என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறார், திரியட்டும்.

நீ அந்தப் பழைய படங்களுக்கு எழுதுவது போல, இதற்கும் இரண்டு வரி நானே எழுதிப் பார்த்தேன். வாணியிடம் கொடுத்துத் திருத்திக்கொள். 'கல்யாணப் போர்டு. கரிசல் ரோடு, பஸ், முன்னால் கையை விரித்து நிற்கிற ஒருவர். அவர் மேல் அடித்தது மருமகன், இருக்கட்டும் என்று எழுதியது அவரே. கடைசியில் அவர் இருந்தார்.'

வெள்ளிக்கிழமை வருகிற தூத்துக்குடி பஸ்ஸில் தூங்கிவிடாதே. அருப்புக்கோட்டை வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் இறங்காதே, நாங்கள் ஓடிப்போய்விட மாட்டோம். பந்தல்குடிக்கு டிக்கெட் எடு. ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே பஸ் நிற்கும். டிரைவர் கத்துவார், கண்டக்டர் விசில் ஊதுவார். நீ தலையைக் குனிந்துகொள்ளாமல் இறங்கு.